ஸ்காட்லாந்தில் பிறர் நிலத்தில் கூடாரம் அடிப்பது எப்படி

ஸ்காட்லாந்தின் மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஏரிக்கரைகளும் புறம்போக்கு நிலம் என்று நினைத்துப் போகிறவர்கள் பலர். அப்படியில்லை. பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். காலையிலிருந்து மாலை வரை நடந்தாலும் ஒரே எஸ்டேட்டின் எல்லை தாண்டாத இடங்கள் உண்டு. அப்படியிருந்தும் அங்கே யாரையும் கேட்காமல் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், ஏரியில் நீந்தலாம், கூடாரம் அடித்து இரவு தங்கலாம். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொடுத்த உரிமை இது. 2005 பிப்ரவரி 9 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்த உரிமை பொறுப்போடு நடந்துகொள்பவருக்கு மட்டும்தான். இது அலங்காரத்துக்குச் சேர்த்த வாசகம் அல்ல. பொறுப்பில்லாமல் நடந்தால் அந்த நேரத்தில் உரிமையே கிடையாது, நீங்கள் வெறும் அத்துமீறி நுழைந்த ஆள். எது பொறுப்பு என்பதை ஸ்காட்டிஷ் அவுட்டோர் ஆக்சஸ் கோட் என்ற விதித்தொகுப்பு விளக்குகிறது. ஆகவே முளையை எங்கே அடிக்கிறோம், மலம் கழிக்கும் குழியை எங்கே தோண்டுகிறோம், எத்தனை பேர் போகிறோம் என்பவை நாகரிகத்தோடு முடிகிற விஷயங்கள் அல்ல. சட்டம் நம் பக்கம் நிற்கிறதா என்பதையே அவைதான் முடிவு செய்கின்றன.

கூடாரத்துக்கு கோட் வைக்கும் அளவு மூன்று: குறைந்த சுமை, சிறு குழு, ஓரிடத்தில் இரண்டு அல்லது மூன்று இரவு. சிறு குழு என்றால் எத்தனை பேர் என்று எண் எதுவும் இல்லை. இருவர் படுக்கும் கூடாரம் இரண்டு அல்லது மூன்று, அதற்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. நான்கு குடும்பம், பிரியாணி அண்டா, ஸ்பீக்கர் என்று கிளம்பினால் கட்டணம் கட்டும் முகாம் தளத்துக்குப் போவதுதான் முறை. அங்கே குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கும், குழந்தைகளுக்கும் அதுதான் வசதி.

எங்கே கூடாது

பயிர் நிற்கும் வயலுக்குள் உரிமை இல்லை, ஓரத்தில் உண்டு. பயிரை மிதிக்காதே, வரப்பில் நட என்று ஊரில் சொல்வார்களே, அதே விதிதான். ஆனால் வரப்பில் நடக்கலாம் என்பதால் அங்கேயே கூடாரம் போடலாம் என்று ஆகாது. வேலியடைத்த வயலில் பயிரோ கால்நடையோ இருந்தால் கூடாரம் கூடாது. வீடுகள், தோட்டங்கள், பள்ளி வளாகங்கள், கட்டுமான இடங்கள், கல் குவாரிகள், ரயில் பாதைகள் ஆகியவை இந்த உரிமைக்கு வெளியே. கோல்ஃப் மைதானத்தைக் கடந்து போகலாம், தங்கக் கூடாது.

வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி? நார்வேயில் 150 மீட்டர் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. ஸ்காட்லாந்துச் சட்டம் அப்படி எண் கொடுக்கவில்லை, அங்கே குடியிருப்பவரின் தனிமைக்குப் போதுமான இடம் என்று மட்டும் சொல்கிறது. போதுமானது எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். 2007-இல் பெர்த் ஷெரிஃப் நீதிமன்றம் கின்ஃபான்ஸ் கோட்டையைச் சுற்றி 10 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பொது உரிமையிலிருந்து விலக்கியது. நடைமுறையில் எளிய சோதனை ஒன்று போதும்: கூடாரத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் தெரிகிறதா? தெரிந்தால் இன்னும் நடங்கள்.

உரிமையில் சேராதவை இன்னும் சில. மோட்டார் வண்டி சேராது. வேட்டை சேராது. மீன் பிடிப்பதும் சேராது. ஏரிக்கரையில் கூடாரம் போட உரிமை இருப்பதால் தூண்டில் போடவும் உரிமை இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். காரிலோ கேம்பர்வேனிலோ இரவு தூங்குவதும் இந்தச் சட்டம் தரும் உரிமை அல்ல. வண்டியைச் சாலையோர ஒதுக்கிடத்தில் விடும்போது வேலிக் கதவை மறிக்காமல் நிறுத்துங்கள். இரவு பத்து மணிக்குக்கூட டிராக்டர் அந்த வழியாக வரலாம்.

காலம் பார்த்துப் போவது

ஏப்ரல், மே மாதங்கள் ஆடு ஈனும் காலம். குட்டியோடு நிற்கும் ஆடுகள் இருக்கும் வெளியைச் சுற்றிக்கொண்டு போங்கள். நாய் இருந்தால் குட்டையான கயிற்றில் பிடியுங்கள், அல்லது வேறு வழி எடுங்கள். 2021-இல் திருத்திய சட்டப்படி, நாய் கால்நடையைத் துரத்தினால் அதன் பொறுப்பாளருக்கு 40,000 பவுண்டு வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கன்றோடு நிற்கும் மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. மாடு நாயைத் துரத்தி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், கயிற்றைப் பிடித்து நிற்கும் ஆளுக்குத்தான் ஆபத்து.

கலைமான் வேட்டை பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் 20 வரை நடக்கும், ஆகஸ்டுக்குப் பிறகு அதிகம். க்ரௌஸ் என்ற காட்டுக்கோழி வேட்டை ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. எஸ்டேட்டுகளுக்கு இது வருமானம், மான் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலையும்கூட. வழியில் அறிவிப்புப் பலகையில் இன்று இந்தச் சரிவில் வேட்டை, அந்தப் பாதையில் போங்கள் என்று எழுதியிருந்தால் அப்படியே செய்யுங்கள். வெறும் ‘தனியார் நிலம், நுழையாதே’ பலகை வேறு விஷயம். மக்களைத் தடுப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு பலகை வைக்கவோ வழியை அடைக்கவோ நில உரிமையாளருக்குச் சட்டம் இடம் தரவில்லை. மரம் வெட்டும் வேலை நடப்பதாகச் சொல்லும் பலகையை மட்டும் ஒருபோதும் தாண்டாதீர்கள். மரம் வெட்டும் இயந்திரத்தின் ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், மரம் விழும் திசையும் உங்களுக்குத் தெரியாது.

லாக் லோமண்ட் ஏரி விதிவிலக்கு. கிளாஸ்கோவுக்கு மிக அருகில் இருப்பதால் கூட்டமும் குப்பையும் பெருகி, லாக் லோமண்ட் அண்ட் த ட்ரொசாக்ஸ் தேசியப் பூங்காவின் சில ஏரிக்கரைகளில் 2017 முதல் மார்ச் 1 தொடங்கி செப்டம்பர் 30 வரை பெர்மிட் இல்லாமல் கூடாரம் போடுவது குற்றம். அபராதம் 500 பவுண்டு வரை. மில்காயிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை போகும் 154 கிலோமீட்டர் வெஸ்ட் ஹைலேண்ட் வேயில் நடக்கிறவர்கள் பால்மஹா பக்கம் வந்ததும் மாட்டிக்கொள்வது இதில்தான். அந்த ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு பகுதி தடை மண்டலத்துக்குள் வருகிறது. கிளம்பும் முன்பே பூங்காவின் இணையதளத்தில் வரைபடத்தைப் பார்த்து பெர்மிட் எடுங்கள், அல்லது அந்த இரவுக்கு முகாம் தளத்தில் இடம் பிடியுங்கள்.

இடம் பிடிப்பது

வெளிச்சம் இருக்கும்போதே இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். பிரிட்டிஷ் அரசு நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் 1:50,000 அளவு போதும், வேலியும் சுவரும் தெரிய வேண்டுமானால் 1:25,000. உயரக்கோடுகள் நெருக்கமில்லாத, ஓடைக்கு அருகில் ஆனால் அதைவிட மேடான மூன்று இடங்களை வீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று சேறாக இருக்கும், ஒன்றில் ஏற்கெனவே ஆள் இருப்பார்கள்.

ஸ்காட்லாந்தில் தரையைக் கண்ணால் நம்பக் கூடாது. பச்சைப்பசேலென்று பஞ்சுபோல் தெரிவது பாசி மூடிய சதுப்பு, நடுராத்திரி முதுகு நனையும். கொத்துக் கொத்தாக உயர்ந்த புல் நிற்கும் இடமும் ஈரம்தான். ஆடு மேய்ந்து கட்டையான புல் நல்ல இடம். குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுத் திருப்புங்கள், குழியில் தண்ணீர் ஊறினால் விட்டுவிடுங்கள். பள்ளத்தின் அடியில் குளிர்காற்று இறங்கித் தேங்கும், கூடாரத்தின் உள்பக்கம் பனி வியர்க்கும். அடியிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் ஏறினாலே வித்தியாசம் தெரியும். ஓடையோரத்து மணல்திட்டு அழகாக இருக்கும், ஆனால் மேலே மலையில் பெய்த மழைக்கு அந்த ஓடை ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். பழைய கல்சுவர்களுக்குள்ளும் கூடாரம் போடாதீர்கள், பல இடங்களில் அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். ஏறித்தான் கடக்க வேண்டும் என்றால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் ஏறினால் கதவு தொய்ந்துவிடும்.

கூடாரத்தின் குறுகிய முனையைக் காற்று வரும் திசைக்குத் திருப்புங்கள். முதலில் காற்றுப் பக்கத்து முளைகள், பிறகு மற்றவை. முளையைத் துணியிலிருந்து விலகும்படி சாய்த்து அடிக்க வேண்டும். மெல்லிய கம்பி முளை, பாதி மக்கிய செடிகள் சேர்ந்து உண்டான பீட் மண்ணில் வெண்ணெயில் குத்திய மாதிரி வந்துவிடும். V வடிவ அலுமினிய முளை, 18 சென்டிமீட்டருக்குக் குறையாமல், குறைந்தது ஆறு. கல் பெயர்த்து வைத்தால் காலையில் அதே குழியில் திரும்ப வையுங்கள். கோடையிலும் இரவு 5 டிகிரிக்கு இறங்கும், ஆகவே 0 டிகிரி வரை வசதி என்று குறித்த தூக்கப்பை, ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் அளவு) 3-க்குக் குறையாத மெத்தை. குளிர் கீழிருந்துதான் வரும். தூக்கப்பைக்குக் காசு கொட்டி மெத்தையில் மிச்சம் பிடிப்பது வழக்கமான தவறு.

மிட்ஜும் உண்ணியும்

மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மேற்கு ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் மிட்ஜ் என்ற கடிக்கும் குட்டிப் பூச்சியின் ஆட்சி. கொசுவில் கால்பங்கு இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கில் வரும். காற்று நின்ற, ஈரமான, மூட்டமான காலையும் மாலையும் அதற்குப் பிடித்த நேரம். மணிக்கு சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் பறக்க முடியாது. அதனால்தான் மரச்செறிவுக்குள் ஒதுங்கியவர் கடிபட்டுத் தூங்காமல் கிடக்க, திறந்த மேட்டில் போட்டவர் நிம்மதியாகத் தூங்குகிறார். தலைக்கு வலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், எடை பெரிதாக இராது. அதை முதுகுப்பையின் அடியில் வைத்துப் பயனில்லை, மேல் பையில் இருக்க வேண்டும்.

உண்ணி அதைவிட அமைதியான ஆபத்து, லைம் நோயைப் பரப்பும். நீளக் காற்சட்டை அணிந்து அதைக் காலுறைக்குள் செருகுங்கள். படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடியோரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் உண்ணிக் கொக்கியால் அல்லது கூர்மையான இடுக்கியால் தோலோடு சேர்த்துப் பிடித்து எடுங்கள். அட்டைக்கு வைப்பதுபோல் உப்போ, எண்ணெயோ, நெருப்போ வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் உண்ணி தன் வயிற்றில் இருப்பதை உங்கள் ரத்தத்தில் கக்கிவிடலாம். பின்வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினால் மருத்துவரிடம் போங்கள், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

தண்ணீரும் குழியும்

ஓடைத் தண்ணீர் பளிங்காக இருக்கும். மேலே நூறு அடியில் செத்த ஆடு கிடப்பது பளிங்கில் தெரியாது. வடிகட்டுங்கள், அல்லது ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீட்டர், பாதையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் நல்ல தூரம். சிறு கைமண்வெட்டியால் புல்லை ஒரு சதுரமாகக் கிளப்பி அப்படியே எடுத்து வையுங்கள். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, முடிந்ததும் மண்ணைத் தள்ளி, புல்லை மூடியாக வைத்து மிதியுங்கள். சிறுநீருக்கும் அதே 30 மீட்டர்தான். நம்மவர்களுக்கு வசதி ஒன்று உண்டு: தண்ணீரில் கழுவுகிறவருக்குக் காகிதக் குப்பை கிடையாது. வாய் குறுகிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தனியாக அடையாளமிட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குழிக்கு மேலேயே கழுவுங்கள், ஓடைக்குப் போகாதீர்கள். காகிதம் பயன்படுத்தினால் ஜிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஈரத்துடைப்பான், நாப்கின் எதுவும் மண்ணில் மக்காது. புதைத்ததை நரி தோண்டிவிடும்.

அடுப்பும் சாப்பாடும்

நெருப்பு மூட்டுவதை மறந்துவிடுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. கோட் சிறு நெருப்பை முற்றாகத் தடுக்கவில்லை. ஆனால் காடு, விளைநிலம், பீட் மண், வறண்ட காலம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் இடம் குறைவு. பீட் மண்ணே எரியக்கூடியது. மேலே அணைந்ததாகத் தெரிந்தாலும் கீழே கனன்று நாள்கணக்கில் பரவும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பார்பிக்யூ தட்டுகளும் அப்படித்தான் புல்லைக் கருக்கி மண்ணுக்குள் தீயை இறக்குகின்றன.

மறையிட்ட சிறு கேஸ் உருளை வாங்குங்கள். விமானத்தில் எந்தப் பையிலும் அனுமதியில்லை, கிளாஸ்கோவிலோ இன்வெர்னஸிலோ ஃபோர்ட் வில்லியமிலோ இறங்கி வாங்க வேண்டும். உருளையில் என்ன கலவை என்று பாருங்கள். வெறும் பியூட்டேன் 0 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே ஆவியாகாது, காலையில் அடுப்பு எரியாமல் சண்டி பண்ணும். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்தது எடுங்கள். ஒரு லிட்டர் கொதிக்க 12 முதல் 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு இரண்டு இரவுக்கு 100 கிராம், இருவருக்கு மூன்று இரவுக்கு 230 கிராம் தாராளம். காற்றில் எரித்தால் இது இரட்டிக்கும். மழை என்று மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை ஏற்றாதீர்கள், கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது.

அரிசி பதினைந்து நிமிடம் வேக வேண்டும், எரிபொருள் வீண். அவலும் ரவையும்தான் மலைக்கு ஏற்ற தானியம். வீட்டிலேயே கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, அதில் ரவையை வறுத்து, உப்பு சேர்த்து ஆறவைத்து ஆளுக்கு 80 கிராம் வீதம் ஜிப் பையில் கட்டுங்கள். கொதிக்கும் தண்ணீர் இரண்டரைப் பங்கு ஊற்றி, கிளறி, மூடி, ஐந்து நிமிடம் தூக்கப்பைக்குள் பொதிந்து வைத்தால் உப்புமா. பாத்திரத்தை ஓடையில் கழுவாதீர்கள். பருக்கையைத் துடைத்துக் குப்பைப் பையில் போட்டு, கழுவின தண்ணீரைத் தள்ளிப்போய் வீசுங்கள். ஆரஞ்சுத் தோலும் குப்பைதான், அந்தக் குளிரில் சீக்கிரம் மக்காது.

யாராவது வந்து கேட்டால்

எஸ்டேட் ஆள் வந்தால் முதல் வாக்கியத்திலேயே சட்டத்தைத் தூக்கிக் காட்டாதீர்கள். எங்கிருந்து நடந்து வருகிறீர்கள், எத்தனை இரவு, எப்போது கிளம்புவீர்கள் என்று சொல்லுங்கள். நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். மான், ஆடு, பறவைக்கூடு என்று காரணம் சொன்னால் பெட்டியைக் கட்டிவிட்டு அரை கிலோமீட்டர் நகர்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. காரணமே இல்லாமல் போ என்றால், கோட்படி நடக்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று அமைதியாகச் சொல்லலாம். இருட்டில் தனியாக வாதாடுவதைவிட, காலையில் அந்தப் பகுதி கவுன்சிலின் ஆக்சஸ் ஆஃபீஸரிடம் புகார் செய்வது பலன் தரும். வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

விபத்து என்றால் 999 அல்லது 112 அழைத்து போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். சிக்னல் மெல்லியதாக இருந்தால் குறுஞ்செய்தி போகும். அதற்கு 999-க்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக முன்கூட்டியே அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும்.

எல்லை தாண்டினால்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தக் கதை செல்லாது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மூர் என்ற புதர்வெளி, பொதுநிலங்களில் நடக்க மட்டும் விடுகிறது, கூடாரத்தை வெளிப்படையாக விலக்குகிறது. நில உரிமையாளரிடம் கேட்டுத்தான் தங்க வேண்டும். கேட்காமல் தங்குவது பொதுவாக சிவில் விவகாரம், ஆனால் வண்டியோடு குடியேறி, போகச் சொல்லியும் போகாமல் இருந்தால் 2022 சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம். வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் கடைசி வேலிச்சுவருக்கு மேலே, மாலை தாமதமாக வந்து அதிகாலையில் கிளம்புகிறவர்களைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அது பெருந்தன்மை, உரிமை அல்ல.

தென்மேற்கு இங்கிலாந்தில் உள்ள டார்ட்மூர் மட்டும் தனி. அங்குள்ள பொதுமேய்ச்சல் நிலங்களுக்கு 1985-இல் வந்த சட்டம் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு உரிமை தந்தது. கூடாரம் அதில் அடங்காது என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் நில உரிமையாளர்களின் மேல்முறையீட்டை ஒருமனதாகத் தள்ளி, கூடாரமும் அடங்கும் என்று முடித்துவைத்தது. அதற்காக டார்ட்மூர் முழுவதும் திறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எந்தப் பொதுநிலத்தில் அனுமதி என்று தேசியப் பூங்காவின் வரைபடம் காட்டும். சாலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், முதுகில் சுமந்து போகும் சிறு கூடாரமாக இருக்க வேண்டும். வடக்கு டார்ட்மூரில் ராணுவத்தின் சுடுதளங்கள் இருக்கின்றன. ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வர்த்தி ஆகிய மூன்றின் சுடும் நேரமும் முன்கூட்டியே வெளியாகும். பகலில் சிவப்புக் கொடியோ இரவில் சிவப்பு விளக்கோ தெரிந்தால் உள்ளே போகாதீர்கள். கொடி இல்லாத நாளிலும் தரையில் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் தொடாதீர்கள்.